முன்பக்கத்துக் கடிதம்

எழுபதுகளின் நடுவில் ரொறன்ரோவில் ஒரு தையல் தொழிற்சாலையில் வேலை செய்தேன். பக்கத்து மெஷினில் ஒரு ஜமேக்காப் பெண். நான் அதிகம் பேசமாட்டேன். அவள் அதைக் குறையாக எடுக்கவில்லை. ஒரு குளிர்காலத்தில் தான் படித்த புத்தகத்தை என்னிடம் தந்தாள். அடிமையாக இருந்த ஆப்பிரிக்கப் பெண் ஒருத்தி, விடுதலைக்குப் பிறகு தன் வாழ்க்கையை எழுதியது.

என்னுடையது பள்ளிக்கூட ஆங்கிலம். வேலைக்குப் போகும் பஸ்ஸில் அகராதியோடு படித்தேன். சவுக்கடிக்கு அதை எழுதியவள் அரைப் பக்கம்தான் கொடுத்திருந்தாள். அடிமைகள் குடிப்பதற்கென்று குசினிக் கதவில் தனியாகத் தொங்கிய தகரக் குவளைக்கு மூன்று பக்கம். அந்த மூன்று பக்கத்தைப் படிக்கும்போது எங்கள் வீட்டு வேலியில் செருகியிருந்த சிரட்டை நினைவுக்கு வந்தது. கூலிக்கு வருபவர்கள் அதை ஏந்துவார்கள். கை படாமல் உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்றியவள் நான்.

புத்தகத்தின் முன்பக்கத்தில் ஒரு வெள்ளைக்காரரின் கடிதம் இருந்தது: இவள் எழுதியது உண்மை. அது எதற்கு என்று ஜமேக்காக்காரியிடம் கேட்டேன்.

"அடிமை வைத்திருந்தவர்கள் பக்கத்து ஆள் ஒருவர் சொன்னால்தான் நம்புவார்களாம்" என்றாள்.

துணி வெட்டும் பகுதியில் எங்கள் ஊருக்கு அடுத்த ஊர்க்காரர் ஒருவர் இருந்தார், என்னைவிட இளையவர். ஒரு மதியம் சாப்பாட்டு மேசையில் கிடந்த புத்தகத்தில் அந்தக் குவளைப் பக்கங்களைப் படித்துவிட்டு அவளிடம் ஆங்கிலத்தில் சொன்னார், தன் தாயும் சிரட்டையில்தான் தண்ணீர் வாங்கிக் குடித்தாள் என்று.

அவள் என்னைப் பார்த்தாள். "உண்மையா?"

முகம் சுட்டது. "இல்லை, எங்கள் பக்கம் அப்படி ஒன்றும் இல்லை" என்றேன்.

"அப்படியென்றால் நீ பெரிய கதைக்காரன்!" என்று அவள் அவர் தோளில் தட்டிச் சிரித்தாள்.

அவர் தமிழில் கேட்டார். "அக்கா, நீங்கள் ஓமெண்டு ஒரு சொல் சொன்னால் காணும். நான் சொன்னால் ஆர் நம்புவினம்?"

"எங்கட மானத்தை ஏன் உவைக்கு முன்னால விக்கிறீர்?"

"எங்கட எண்டால் ஆரின்ர மானம், அக்கா?"

நான் சாப்பாட்டுப் பெட்டியை மூடினேன்.

மறுநாள் முதல் அவர் ஜன்னலோரம் தனியாக இருந்து சாப்பிட்டார். நான் புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அவள் பகிடியாக, பகை ஏதுமில்லாமல், அவரைக் கண்டபோதெல்லாம் "கதைக்காரா!" என்று கூப்பிட்டாள். தொழிற்சாலை மூடும்வரை கூப்பிட்டாள். ஒவ்வொரு முறையும் நான் தலையைக் குனிந்து தைத்துக்கொண்டிருந்தேன்.