மங்களத்தில் தொடங்கிய நிகழ்ச்சி

என் அக்கா ஐயம்பேட்டையில் சிறுமிகளுக்குப் பரதம் சொல்லிக்கொடுக்கிறாள். அவள் லேப்டாப்பில் நூற்றுக்கணக்கான நடனப் பாட்டுகள். பாதிக்குப் பெயரே கிடையாது. 'டிராக் ஒன்று', 'டிராக் இரண்டு' என்றுதான் இருக்கும். "கோயில்ல நிகழ்ச்சி வருது. எல்லாத்துக்கும் ஒழுங்கா பேர் போட்டுக் குடுடா" என்றாள்.

உட்கார்ந்து கையால் அடித்திருந்தால் முடிந்திருக்கும். ஆனால் நான் கம்ப்யூட்டர் படித்தவன். பாட்டு ஃபைலுக்குள் பெயர், ராகம், பாடியவர் எல்லாம் எழுதிவைக்க ஏற்கனவே ஒரு இலவச நிரல் உண்டு. ஒவ்வொரு பாட்டுக்கும் கறுப்புத் திரையில் நீளமாகக் கட்டளை தட்ட வேண்டும், அவ்வளவுதான். அது என் கௌரவத்துக்குச் சரிப்படவில்லை. அதன் மேல் ஒரு எடிட்டர் செய்கிறேன் என்று கிளம்பினேன். அத்தனை பாட்டும் ஒரே பக்கத்தில் வரிக்கு ஒன்றாக விரியும். திருத்திச் சேமித்தால் எல்லா ஃபைலும் ஒரே அடியில் மாறிவிடும்.

ஆறு வாரம் போயிற்று. அதில் ஒரு வாரம், ராகத்தின் பெயர் எந்த நிறத்தில் தெரிய வேண்டும் என்ற ஆராய்ச்சி. "இன்னாடா பண்ணிக்கினு இருக்க?" என்று அக்கா போனில் கேட்பாள். "அஸ்திவாரம் போட்டுக்கினு இருக்கேன்க்கா" என்பேன், பெருமையாக.

அக்கா வரிசையாக எழுதிக்கொடுத்த பெயர்களை ஏற்றி, நிகழ்ச்சியன்று காலைதான் சேமித்தேன். அதற்குமுன், பார்க்க அசிங்கமாக இருந்த ஒரு காலி வரியை அழித்தேன். எந்தப் பெயர் எந்தப் பாட்டுக்கு என்பதை என் எடிட்டர் வரிக்கணக்கை வைத்துத்தான் முடிவு செய்கிறது. எழுதிய நானே அதை மறந்திருந்தேன். அந்த வரிக்குக் கீழே இருந்த ஒவ்வொரு பாட்டுக்கும் அடுத்த பாட்டின் பெயர் ஏறிக்கொண்டது.

சாயங்காலம், பெரிய காஞ்சிபுரத்தில் கோயில் மண்டபம். லேப்டாப் முன்னால் நான். முதல் உருப்படி அலாரிப்பு. அழுத்தினேன். ஒலித்தது மங்களம், அதாவது நிகழ்ச்சியை முடித்துவைக்கும் பாட்டு. ஐந்து சிறுமிகளும் ஒரு கணம் விழித்தார்கள். பிறகு, சொல்லிக்கொடுத்தபடியே அழகாகக் கும்பிட்டுவிட்டு, வரிசையாக இறங்கிப் போய்விட்டார்கள். கூட்டம் கைதட்டியது. முன்வரிசையில் ஒரு பெரியவர் வீட்டுக்குப் போக எழுந்துவிட்டார்.

அக்கா வந்தாள். "நகரு."

எந்தப் பாட்டு எத்தனை நிமிடம் என்பது அவளுக்கு மனப்பாடம். நீளத்தைப் பார்த்தே அலாரிப்பைக் கண்டுபிடித்தாள். சிறுமிகள் மறுபடி ஏறினார்கள், பெரியவரும் உட்கார்ந்தார்.

அடுத்த ஞாயிறு அவள் வீட்டில் இருவரும் உட்கார்ந்தோம். நான் ஒவ்வொன்றாகப் போட, இரண்டு விநாடியில் அவள் பெயர் சொல்ல, நான் கையாலேயே அடித்தேன். ஒரு தில்லானா வந்ததும் எழுந்து ஆடவே தொடங்கிவிட்டாள். நான் தொடையில் தாளம் போட்டேன், தப்பாக.

"தாளத்துக்கும் ஒரு எடிட்டர் எழுதிக்கினு வாயேன்" என்றாள், ஆட்டத்தை நிறுத்தாமல்.