மழைக்குள் நிறுத்தாமல் விட்ட போர்டு

கீழே பேக்கரியில் பாண் வேகிற மணம், மேலே எங்கள் அறையில் ஈயம் உருகுகிற புகை... கல்முனையில் இருந்த அந்த அறையை நினைத்தால் இன்றைக்கும் இரண்டும் சேர்ந்துதான் மூக்கில் ஏறும்.

நானும் கூட்டாளி பஸ்மிலும் யானை வேலிக்கு ஒரு சின்ன மின்சுற்று போர்டு செய்துகொண்டிருந்தோம். யானை கம்பியைத் தொட்டால் சைரன் கத்த வேண்டும். உள்ளே அதை இயக்க, தொட்ட கணமே பதில் தரவேண்டிய ஒரு குட்டி ரியல்-டைம் ஓ.எஸ். அது எவ்வளவு விரைவாகப் பதில் தருகிறது என்று பெஞ்ச்மார்க் சோதனை ஓட்டி அளப்போம். லேப்டொப் திரும்பத் திரும்பச் சிக்னல் தட்டும், போர்டு பதில் சொல்லும். தாமத எண்கள் அவ்வளவு சின்னதாக, அழகாக வரும்!

பகலில் இருவருக்கும் வேறு வேலை. அந்தியில் மஃரிப் தொழுதுவிட்டு வந்து சோதனையை ஓட்டுவோம். ஒரு மணித்தியாலத்தில் இராத்தொழுகை இஷாவுக்குப் பாங்கு சொன்னதும் மெயின் சுவிட்சை நிறுத்திவிட்டுப் பள்ளிக்குப் போவோம். ஆளில்லாத அறையில் கரண்ட் ஓடக்கூடாது என்பது பேக்கரி ஹாஜியாரின் கட்டளை.

ஒரு நாள் பின்னேரம், இறக்காமத்தில் எங்கள் வயல் வேலியில் முதல் போர்டைப் பூட்டிவிட்டு வந்தோம். காவலுக்கு வாப்பா, வயலில் உயரக் கட்டிய பரணில் தனியாக.

அன்றைக்குக் கொட்டிய மழையில் பள்ளிக்கு இறங்க முடியவில்லை. அறையிலேயே இஷா தொழுதோம். சோதனை பின்னால் ஓடிக்கொண்டே இருந்தது. ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடித்துத் திரும்பினால்...

லேப்டொப் தட்டுகிறது. பதில் இல்லை. தாமத எண் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

பஸ்மிலுக்கு முகம் வெளுத்துவிட்டது. "மச்சான், நாம இத ஒரு நாளும் இவ்வளவு நேரம் ஓட விட்டதில்லடா..."

போர்டுக்குள் நேரம் எண்ணுகிற கணக்கு, அதிக நேரம் ஓடியதில் எல்லை வரை நிரம்பிப் பூச்சியத்துக்குத் திரும்பியதும் ஓ.எஸ் உறைந்திருக்கிறது. அதைப் பிறகுதான் கண்டுபிடித்தோம். அந்த நிமிடம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். வாப்பாவின் வேலியில் இருப்பதும் இதே போர்டு.

வாப்பாவுக்குக் கோல் எடுத்தேன். மணி அடித்து நின்றது. மறுபடி எடுத்தேன். அப்படி ஒரு பயத்தை அதற்கு முன் நான் அறிந்ததில்லை.

"என்ன மகன்?"

"வாப்பா, சைரன நம்ப வேணாம்! அது கத்தாது. பரண உட்டு இறங்காதீங்க!"

வாப்பா கீழே எட்டிப் பார்த்திருக்க வேண்டும். பிறகு மெல்லிய குரலில்,

"சத்தம் போடாத மகன். ஆனை கீழதான் நிக்கிது. சைரன் கத்தலதானே, ஆனை இல்ல எண்டு இறங்கக் கால வெச்சன்... உன்ட கோல் வந்திச்சி."

யானை போய்விட்டது என்று வாப்பா சொல்லும்வரை நாங்கள் இருவரும் தொழுத பாயை விட்டு எழும்பவில்லை.

இப்போது கொழும்பில் வேலை. சோதனைகள் நாள் கணக்கில் ஓடும், சுவிட்சை நிறுத்த ஒருவரும் இல்லை. ஆனாலும் எண்கள் அழகாக வருகிற நாளில்தான் எனக்கு அந்த மழை இரவு நினைவுக்கு வரும். உடனே ஊருக்குக் கோல் எடுப்பேன்.

வயலுக்குப் போவதை விட்டுவிட்ட வாப்பா, வீட்டில் இருந்தபடி சிரிப்பார்.

"என்ன மகன், இண்டைக்கும் இறங்க வேணாமா?"