நாரந்தனைக் கிட்டங்கியும் ஒரு சாய்மனைக் கதிரையும்

மாசிக் கடைசியில் நான் நாரந்தனைக்குப் போனது ஊர் பார்க்க அல்ல. அங்கே வேலுப்பிள்ளை முதலாளி புகையிலை சேர்த்துவைக்கும் கிட்டங்கிக்கு வரைபடம் போட்டுக் கொடுத்தவன் நான். உத்தரமே இல்லாமல், மேல்மாடிக் கொங்கிறீற்றுத் தட்டை நேரே தூண்களில் இருத்தும் புது முறை. கட்டி முடிந்தபின், “தூண்களைக் கொஞ்சம் திருத்தினோம்” என்று சொல்லியனுப்பினார். அந்தக் ‘கொஞ்சம்’ என்னைத் தூங்கவிடவில்லை.

யாழ்ப்பாணத்தில் காலை ஆறு மணி பஸ். பொன்னாலைப் பாலத்தில் டயர் வெடித்தது. காரைநகர்த் துறையில் வெயிலில் காய்ந்து, வள்ளம் ஏறி ஊர்காவற்றுறையில் இறங்கும்போதே எனக்கு அலுத்துவிட்டது. அங்கிருந்து மாட்டுவண்டி. மணல் பாதை தொடங்கியதும் வண்டிக்காரர், “ஐயா, இறங்கி நடவுங்கோ, மாடு இழுக்க ஏலாது” என்றார். பாதி வழி மாட்டோடு சேர்ந்து நானும் நடந்தேன். போகிறவர்கள் குடையும் தண்ணீரும் கொண்டு போங்கள்.

கிட்டங்கிக்குள் நுழைந்ததும் தூண்களைத்தான் அண்ணாந்து பார்த்தேன். தூண்களின் உச்சியில் குடைபோல் விரிந்த தலைகளை நான் அழகுக்காக வைக்கவில்லை. மேல் பாரம் முழுவதும் தூணைச் சுற்றியுள்ள சிறிய வட்டத்தில் வந்து அமுக்கும். தலை அகன்றால் வட்டமும் பெரிதாகும், பாரமும் பரவும். அந்தத் தலைகளைக் காணவில்லை. எல்லாத் தூணும் மொட்டையாக நின்றது.

“அந்தத் தலையளாலை ஒரு வரிசைப் புகையிலை கட்டித் தொங்கவிட ஏலாமல் போச்சு, தம்பி. அதுதான் மேசனைக் கொண்டு கொத்துவிச்சனான்” என்றார் முதலாளி, நடுத்தூணில் சாய்த்துப் போட்ட சாய்மனைக் கதிரையில் இருந்தபடியே. அதுதான் குளிர்ச்சியான இடமாம். சுற்றிவரப் பெண்கள் பாயில் இருந்து இலை தரம் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

மேலே ஏறினேன். கூரை முட்டப் புகையிலைச் சிப்பங்கள். நடுத்தூணுக்கு நேர் மேலே சிலவற்றை நகர்த்திப் பார்த்தால், தளத்தில் வட்டமாக ஒரு வெடிப்பு. பயந்துபோனேன். கீழே ஓடிவந்து எல்லாரையும் வெளியே போகச் சொன்னேன்.

“விழுறதெண்டால் முதல்லை வளையும், தெரியும்தானே?” என்றார் முதலாளி.

“உத்தரம் வளைஞ்சு காட்டும், ஐயா. இது காட்டாது. தூண் தட்டைக் குத்திக்கொண்டு மேலை போகும், தட்டு ஒரேயடியா இறங்கும்.”

“வெள்ளிக்கிழமை மலையாளக் கரைக்குக் கப்பல் போகுது. அதுவரைக்கும் சிப்பத்திலை கை வைக்க ஏலாது.”

வரைபடத்தை விரித்தேன். அவர் பார்க்கவேயில்லை. பெண்களும் எழும்பவில்லை. முதலாளி சொல்லாமல் எழும்பினால் நாளைக்கு வேலை இல்லை.

அப்போது மேலிருந்து கொஞ்சம் சுண்ணாம்பு உதிர்ந்து அவருடைய வெற்றிலைத் தட்டில் விழுந்தது. தட்டைத் தட்டிவிட்டு, “இஞ்சை புழுக்கமாய்க் கிடக்கு” என்று எழுந்தார். கதிரையைத் தானே தூக்கிக்கொண்டு போய் வெளியே வேம்பின் கீழ் போட்டார். “நீங்கள் வேலையைப் பாருங்கோ” என்று அங்கிருந்தே பெண்களுக்குக் குரல் கொடுத்தார்.

“அன்னம்மாக்கா, முதலாளியின்ரை கதிரை எங்கை?” என்று கேட்டேன். அன்னம்மா அந்தப் பெண்களில் மூத்தவர். வெளியே பார்த்தார், அண்ணாந்து பார்த்தார். பாயைச் சுருட்டிக்கொண்டு போய்க் கதிரைக்குப் பக்கத்தில் விரித்தார்.

“நீங்கள் இருக்கிற இடத்திலை நாங்களும் இருக்கிறம், முதலாளி.”

மற்றவர்களும் ஒவ்வொருவராகப் பின்னால் போனார்கள். கிட்டங்கி வெறுமையானது. வேம்படி நிரம்பிவிட்டது. அவர்களைத் திரும்ப உள்ளே அனுப்பினால் தானும் போய் இருக்கவேண்டும் என்பது முதலாளிக்கு விளங்கியது. பிறகு ஆட்களைக் கூப்பிட்டு, வெளி ஏணியால் சிப்பங்களை இறக்கச் சொன்னார். பாரம் போனபின் தூண்களைச் சுற்றிப் பனைமரக் குத்திகளை நிறுத்தி, தட்டைத் தாங்க முண்டு கொடுத்தோம். கடைசி வள்ளம் போய்விட்டதால் இரவு ஊர்காவற்றுறையில் நுளம்புக் கடியோடு கழிந்தது.

கிட்டங்கி விழவில்லை. அதனால் நான் சொன்னதை இன்றைக்கும் யாரும் நம்பவில்லை. கட்டிடம் கட்டுகிறவர்களுக்குச் சொல்கிறேன்: தூண் தலையைக் கொத்தாதீர்கள். கொத்திவிட்டால் பாரத்தை இறக்கி, தலையைத் திரும்பக் கட்டும்வரை முண்டை எடுக்காதீர்கள்.

மறுநாள் காலை, யாழ்ப்பாணம் திரும்புமுன், கிட்டங்கியை ஒருமுறை பார்த்துவிட்டு வரப் போனேன். “தம்பி, இந்தக் குத்தியள் ஒரு வரிசையை மறைக்குது, எப்ப எடுக்கலாம்?” என்று முதலாளி கேட்டார். அவர் கதிரை இன்னும் வேம்பின் கீழேதான் இருந்தது.