ஆர்க்கிட் வேரில் வெள்ளைப் பூசணம்

எங்கள் மலையில் கோலா தெர்லா சாலைக்கு மேலே மண்வாரி இயந்திரம் காட்டை வெட்டிக்கொண்டிருந்த வாரம் அதைக் கண்டேன். கறுத்த இலை, அதற்குள் தங்க நரம்புகள். தரையில் வளரும் காட்டு ஆர்க்கிட். மொத்தம் மூன்றே செடி. மறுநாள் அந்தச் சரிவே இருக்காது என்று தெரிந்ததும் யோசிக்கவில்லை, மக்கிய இலைமண்ணோடு அள்ளி பிஸ்கட் டின்னில் கொண்டுவந்துவிட்டேன்.

எங்கள் லயத்து வரிசை வீட்டின் பின்னால், சௌசௌ பந்தலின் நிழலில் வைத்தேன். காலையில் எழுந்ததும் முதலில் அங்கேதான் ஓடுவேன். அம்மா சும்மா விடமாட்டார்.

"பூவே இல்லாத செடிக்கு இவ்ளோ சீராட்டு! பெத்தவளுக்கு ஒரு டீ கலக்க மாட்டேங்குறா பாரு!"

இரண்டாம் மாதம், வேரைச் சுற்றி வெள்ளையாய்ப் பஞ்சு போலப் படர்ந்திருந்தது. அப்பாவுக்குக் காய்கறித் தோட்டத்தில் மருந்தடிக்கும் வேலை. குனிந்து பார்த்தார்.

"பூசணம்மா. கோசுல வந்தா ரெண்டே நாள்ல பாத்தி முழுக்கப் போயிரும்."

"அப்ப அடிங்கப்பா, சீக்கிரம்!"

நான்தான் அவசரப்படுத்தினேன். கோசுக்குக் கலக்கும் அதே அளவில் கலந்து, பாவம், இலைக்கு அடியிலும் படும்படி பார்த்துப் பார்த்து அடித்தார்.

அன்றைக்கே தேடிப் படித்திருக்கலாம். பத்தாம் நாள், இலைகள் கூழானபின் படித்தேன். மண்ணுக்குள் ஓடும் பூசணம்தான் இந்த ஆர்க்கிட்டுகளுக்குச் சோறு போடுகிறதாம். நாங்கள் அழித்தது அந்தப் பூசணத்தைத்தானா, இல்லை மருந்தின் கடுமையே செடிகளைக் கொன்றதா, இன்றுவரை எனக்குத் தெரியாது. மூன்றும் போயின.

அப்பா டின்னை எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "ஒரு நாள் முந்தி அடிச்சிருக்கணும்."

நான் திருத்தவில்லை. அந்தச் சரிவில் இப்போது பிளாஸ்டிக் கூரைத் தோட்டம். அவருக்கு அங்கேதான் வேலை.

போன வாரம் சட்டையைக் கழற்றிக்கொண்டே கேட்டார், "ஓடைக்கு மேல அதே இலைச்செடி ஒண்ணு கெடக்கு. கொண்டாரவா?"

"வேணாம்பா. அங்கயே இருக்கட்டும்."

"எங்க இருக்கும்? திங்கக்கெழம அந்தப் பக்கமும் வெட்டுறாங்க."

பின்கட்டுக்குப் போனேன். டின்னைக் கவிழ்த்து மண்ணை முகர்ந்தேன். மருந்து வாடை போகவில்லை. சோப்புப் போட்டுக் கழுவினேன், மறுபடி கழுவினேன். அப்பா பின்வாசலில் இன்னும் பதிலுக்குக் காத்து நின்றுகொண்டிருந்தார்.