சுத்தத் தண்ணீரில் கந்தகம்

மதுரையில் ஒரு ஆய்வுக்கூடத்தில் எனக்கு வேலை. பாளையம்பட்டியிலிருந்து தினமும் பஸ். செம்புக் கம்பியில் இம்மியளவு கந்தகம் இருந்தாலும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டும். செம்பை அமிலத்தில் கரைத்து, அந்தத் திரவத்தைப் பனிபோலத் தெளித்து, பிளாஸ்மா என்னும் கடுஞ்சூட்டு ஒளிப்பிழம்புக்குள் அனுப்புவோம். உள்ளே போனது எதுவானாலும் அணு அணுவாகப் பிரியும். கருவி அவற்றை எடைவாரியாகப் பிரித்து எண்ணும். இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் சேர்ந்தாலும் ஒரு கந்தக அணுவின் எடைதான் வரும். அதனால் கந்தகத்தோடு ஓர் ஆக்சிஜனைச் சேரவிட்டு, கூடிய எடையில் தேடுவோம்.

திருச்சுழிப் பக்கம் எங்கள் மிளகாய்க் காட்டில் சாம்பல் நோய் விழுந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்குத் துணையாகப் போனேன். இலையில் பனி காயுமுன்னே, துணிப்பையில் கட்டிய கந்தகத் தூளைச் செடிகளின்மேல் தட்டிக்கொண்டே நடந்தோம். மஞ்சள் புகை எழும்பி அப்படியே நின்றது. பக்கத்துச் சாலில் போன அப்பா தண்ணீருக்குள் நடப்பவர்போலத் தெரிந்தார்.

மறுநாள் வழக்கம்போல முதலில் சுத்தத் தண்ணீரைக் கருவியில் ஓடவிட்டேன். ஒன்றும் காட்டக்கூடாத இடத்தில் கந்தகம் ஏறிக்கொண்டே போனது. பாட்டிலை மாற்றினேன், குழாயை மாற்றினேன். இறங்கவில்லை.

கூட வேலை பார்க்கும் அக்கா மல்லாங்கிணற்றுக்காரர். என்னையே பார்த்துக்கொண்டிருந்தவர் கேட்டார்: "நேத்து எங்க போனே?"

"காட்டுக்குக்கா. மிளகாய்க்குக் கந்தகம் தூவுனோம்."

"தலைக்கு ஊத்துனியா?"

"ரெண்டு தடவ."

"அப்ப நீ கொஞ்சம் வெளிய இரு."

அக்கா புதுத் தண்ணீர் எடுத்து எல்லாவற்றையும் கழுவி ஓடவிட்டார். கண்ணாடிக் கதவு வழியே பார்த்தேன். எண் மெல்ல இறங்கி அடங்கியது. எனக்கு வெட்கமாக இல்லை. அந்த விடியற்காலை என் மயிர்க்காலிலும் நகக்கண்ணிலும் ஒட்டிக்கொண்டு, என்னோடு பஸ் ஏறி வந்திருக்கிறது என்று நினைத்தபோது உடம்பு லேசாகச் சிலிர்த்தது.

சாயங்காலம் அப்பாவிடம் போனில் சொன்னேன்.

"அம்புட்டுக் குளிச்சும் போகலையா தாயி?"

"போகலப்பா."

"அப்பச் செடியிலயும் நிக்கும்," என்றார் நிம்மதியாக.

அந்த வாரம் அக்காதான் அளந்தார். கம்பி சுத்தமாகவே இருந்தது. அடுத்த தடவை தூவும்போது அப்பா என்னைக் காட்டுக்குள் விடவில்லை. "வேலைக்குப் போற புள்ள, அங்கிட்டு உக்காரு," என்றார். தூள் பறந்து வராத பக்கம் வரப்பில் உட்கார்ந்தேன். மஞ்சளுக்குள் அவர் மறைவதும் தெரிவதுமாக இருந்தார்.