நாலு மணிக்கு வந்த தட்டு

இந்தத் தட்டு யாருடையது? யாராவது கேட்டால் இன்றுவரை எனக்குப் பதில் தெரியாது. எங்கள் அடுப்படி மேசையில் இருக்கிற எவர்சில்வர் தட்டைச் சொல்கிறேன். விளிம்பைச் சுற்றிப் பூக்கொடி, ஓரத்தில் ஒரு சின்ன நெளிவு. நெளித்தவள் என் மகள், பதினொரு மாதம். தட்டைக் கடையில் பார்த்துப் பார்த்து வாங்கியவள் நான். ஒரு வீடு நிறைந்த சனத்துக்கு முன்னால் அது என்னுடையது அல்ல என்று சொன்னவளும் நான்தான்.

கலியாணமாகி நாலாம் மாதம் கணவருக்குத் திருகோணமலையிலிருந்து பதுளைக்கு இடமாற்றம் வந்தது. கடலைப் பார்த்து வளர்ந்த எங்களுக்கு மலை புதிது. எனக்குப் பயமும் புதிது. மழைக்குப் பயம், அட்டைக்குப் பயம், பஸ் வளைவுகளுக்குப் பயம். அவர் நேரெதிர். ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் நிலையத்துக்குப் போய், யன்னலோரத்தில் இரண்டு இடம் காலியாக இருக்கிற முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார். வெலிமடை என்றால் லீக்ஸும் கரட்டும் வாங்கி வருவோம். மொனராகலை என்றால் ஊர் வெயிலை நினைத்துக்கொண்டு இளநீர் குடிப்போம். எங்கே போனாலும் என் பையில் சுடுதண்ணீர்ப் போத்தல், தலைசுற்றலுக்கு மணக்கத் தேசிக்காய், தைலம், இரண்டு குடை. “நாங்கள் போறது லுணுகலைக்கு, லண்டனுக்கு இல்லை” என்று சிரிப்பார்.

அந்த ஞாயிறும் லுணுகலை பஸ்தான். காலையில் கோவிலுக்குப் போயிருந்ததால் நான் பட்டுச் சேலை, அவர் வேட்டி. மத்தியானம் டவுனில் பாத்திரக் கடைக்கார நானாவிடம் இந்தத் தட்டை வாங்கினேன். வழியில் ஒரு சீப்பு கோழிக்கூட்டு வாழைப்பழமும் பிஸ்கட்டும் வாங்கினோம். முப்பதாவது வளைவிலோ நாற்பதாவதிலோ எனக்குத் தலை சுற்றியது. ஒரு தேயிலைத் தோட்டத்துச் சந்தியில் இறங்கிவிட்டோம். இறங்கியதும் பை அறுந்தது. வேறு வழியில்லாமல் பழம், பிஸ்கட், தேசிக்காய், கோவிலில் வாங்கிய மல்லிகைச் சரத்தில் மிச்சம் எல்லாவற்றையும் புதுத் தட்டில் அடுக்கி இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். மழை தூறத் தொடங்கியது. மேலே தொழிலாளர் குடியிருக்கும் லயம் தெரிந்தது. ஒதுங்கலாமென்று படியேறினோம்.

வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். ஒரு அம்மா ஓடிவந்தார். “வாங்க, வாங்க! பஸ்ல ரொம்ப கஷ்டப்பட்டுட்டீங்களா?”

தலை சுற்றியது இவருக்கு எப்படித் தெரியும் என்று வியந்தேன். “ஓம், கொஞ்சம்” என்றேன்.

“மத்தவங்க?”

“நாங்க ரெண்டு பேர்தான்.”

உள்ளே புதுப் பாய். சுவரோரம் உறவுக்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா கையை நீட்டினார். மறுப்பது மரியாதையில்லை என்று தட்டைக் கொடுத்துவிட்டேன். அவர் கடிகாரத்தைப் பார்த்து, “மணி நாலுதான். நல்ல நேரத்துலயே வந்துட்டீங்க” என்று தட்டைச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார். பழம் போகட்டும், தட்டைத் திருப்பித் தருவார்களா என்பதே என் கவலை. என் கணவர் காதருகே, “பார்த்தீரா, எவ்வளவு நல்ல சனம்!” என்றார்.

உள்ளறையிலிருந்து ஒரு பெண் சேலை கட்டித் தேநீர் கொண்டுவந்தாள். தட்டத்தில் கோப்பைகள் கிணுகிணுத்தன. குனிந்து என் காலைத் தொட்டாள். என்னைவிட நாலு வயது குறைவாக இருந்தால் அதிகம். அப்போதுதான் எனக்கு ஏதோ உறைத்தது. அதற்குள் அவளுடைய அப்பா என் கணவரிடம், “மாப்பிள்ளைக்கு நீங்க அண்ணன் முறைங்களா?” என்று கேட்டார்.

கணவர் வாயைத் திறக்கும் முன் வெளியே ஒரே சத்தம். “மாப்பிள்ளை வீட்டு வேன் வந்துருச்சு!”

கடிகாரம் நாலே முக்கால் காட்டியது.

அந்தப் பெண்ணும் மாப்பிள்ளையான மொனராகலைப் பையனும் ஒரே தையல் தொழிற்சாலையில் வேலை செய்து விரும்பியவர்கள் என்று பக்கத்திலிருந்த ஒருத்தி என்னிடம் கிசுகிசுத்தாள். அப்பா சம்மதிக்க எட்டு மாதம் ஆனதாம். அதுவும் ஒரு நிபந்தனையோடு: நாலரைக்கு ராகு காலம் தொடங்குமுன் மாப்பிள்ளை வீட்டுத் தட்டு வீட்டுக்குள் வந்துவிட வேண்டும். வேன் வழியில் நின்றுபோயிருக்கிறது. அப்பா வாசலை மறித்து நின்றார். “ராகு காலத்துல வந்த தட்ட வாங்க மாட்டேன். திரும்பிப் போகச் சொல்லு.” இன்று திரும்பினால் இனி வரமாட்டார்கள் என்று அந்தப் பெண்ணின் முகம் சொன்னது.

அந்த அம்மா அசரவில்லை. “தட்டு நாலு மணிக்கே வந்துருச்சே. நான்தானே வாங்கி வச்சேன்.”

“அது யாரு தட்டு, புள்ள?”

அவர் என் பக்கம் திரும்பினார். “நீங்களே சொல்லுங்க தங்கச்சி. இது யாரு தட்டு?”

உப்புப் போடவே மூன்று தடவை யோசிக்கிறவள் நான். அன்று ஏனோ யோசிக்கவில்லை. “மாப்பிள்ளை வீட்டுத் தட்டுதான்” என்றேன்.

படியில் நின்ற மாப்பிள்ளையின் அம்மா, தன் கையிலிருந்த தட்டை அவசரமாக முந்தானையால் மூடிக்கொண்டு, “ஆமாங்க, முன்னாடியே அனுப்பிட்டோம்ல!” என்றார். அந்த அம்மாளை நான் அதற்கு முன் பார்த்ததே இல்லை.

அப்பா கடிகாரத்தைப் பார்த்தார், தட்டைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார். “பொம்பளைங்க எல்லாம் ஒரே கட்சி” என்று முனகிக்கொண்டே வழிவிட்டார். உள்ளே போனதும் முதலில் சிரித்தவரும் அவர்தான். பிறகு நாங்கள் யார் என்று சொன்னதும் லயமே சிரித்தது.

தட்டைக் கேட்க வாய் வரவில்லை, வெறுங்கையோடு வந்தோம். இரண்டு வாரம் கழித்துப் பெண்ணின் அம்மா, எங்களுக்கு அவர் லுணுகலை அம்மா, பதுளைக்கு வந்தபோது அதைக் கொண்டுவந்தார், பேரிக்காய்களும் தேயிலைத்தூளும் நிரப்பி. “வெறுந் தட்டா குடுக்கக் கூடாதும்மா.” எனக்கோ, என்னுடையதல்ல என்று சொன்ன பொருளை வைத்திருப்பது சரியா என்று ஒரே யோசனை. அடுத்த ஞாயிறு ஊரிலிருந்து வந்த பனங்கட்டியை அதில் வைத்துக் கொண்டுபோனேன். அவரும் வெறுமனே வைத்துக்கொள்ளவில்லை. இப்படியே இரண்டு வருடமாக அது லுணுகலைக்கும் பதுளைக்கும் பஸ்ஸில் போய்வருகிறது. நான் உண்டாகியிருந்தபோது மாங்காயோடு வந்தது. மகள் பிறந்தபோது ஒரு கம்பளித் தொப்பியோடு வந்தது.

வீடு கட்டிய பிறகுதான் கலியாணம் என்றிருந்த மாப்பிள்ளை இப்போது கட்டி முடித்துவிட்டார். அடுத்த மாதம் கலியாணம். தட்டு இப்போது எங்கள் முறை. “அன்னிக்கு நீங்கதானே கொண்டாந்தீங்க, கல்யாணத்துக்கும் நீங்கதான் கொண்டாரணும்” என்று லுணுகலை அம்மா சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணுக்கே அதைச் சீராகக் கொடுத்துவிடுவதுதான் முறை என்று எனக்குப் படுகிறது. அன்று நான் சொன்ன பொய்யும் அதோடு உண்மையாகிவிடும். ஆனால் என் கணவர் ஒன்று கேட்கிறார்: “பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில என்ன சாட்டு சொல்லி அங்க போறது?” அந்தக் கேள்வி வந்ததிலிருந்து எனக்கு எதுவும் ஓடவில்லை. மகள் தட்டை மேளமாக அடித்துக்கொண்டிருக்கிறாள். நெளிவைத் தட்டி எடுப்பதா, அப்படியே விடுவதா என்பது வேறு.

இதை வாசிக்கிறவர்களில் இப்படி ஒரு தட்டை வைத்திருப்பவர்கள் இருந்தால் சொல்லுங்கள்: கொடுத்துவிட்டு வருவதா, எதையாவது நிரப்பித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டு வருவதா? நாள் நெருங்குகிறது, கொஞ்சம் சீக்கிரம் சொன்னால் நல்லது.