பாஞ்சாலையின் ஆறு நிமிடம்

பாஞ்சாலை யாரையாவது திட்டிக்கொண்டேதான் நடப்பாள். காலை ஆறரைக்கு, செராமிக் ஷெட்டுகளுக்குப் பின்னால் உடைந்த கோப்பைகள் குவிந்து கிடக்கும் பாதையில், ஆளுக்கு முன்னே குரல் வந்துவிடும். குழம்பில் உப்பை அள்ளிப் போட்ட மருமகள், இன்னும் எழுந்திருக்காத கணவர் மாயவன் என்று ஒருவரும் தப்புவதில்லை. நடக்கும்போது பேச்சு வர வேண்டும், மூச்சு முட்டினால் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்பது ஆஸ்பத்திரியில் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். பேச என்ன இருக்கிறது? திட்டுகிறாள். வசவு பாதியில் அறுந்தால் நடையை மெதுவாக்கிக்கொள்வாள்.

வயது ஐம்பத்து மூன்று. இருபது வருடம் பீங்கான் ஃபியூஸ் கட்டைகளுக்குப் பிசிறு சுரண்டியவள். 2005இல் இதயம் பலவீனப்பட்டு ரத்தத்தைத் தள்ளத் திணறியது. கால் வீங்கியது, மூச்சு வாங்கியது. கடைத்தெரு டாக்டர் நடராசன் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் எழுதினார்: முழு ஓய்வு. அடுத்த மாதமும் அதையே எழுதினார். எட்டு மாதம்.

"படுத்துக்கோ படுத்துக்கோன்னாரு. நானும் படுத்தேன். பாயி கிழிஞ்சிது, நான் எந்திரிக்கல" என்பாள்.

பார்க்க வந்த சொந்தக்காரர்கள் பாயைச் சுற்றி உட்கார்ந்து, கொண்டுவந்த ஆப்பிளைத் தாங்களே நறுக்கித் தின்று, மூக்கைச் சிந்திவிட்டுப் போனார்கள். "சாவுக்கு ஒத்திகை பாத்துட்டுப் போனாங்க."

ஒருநாள் படுக்கவும் முடியாமல் மூச்சு திணறியபோது, மாயவன் கார் பிடித்துப் புதுச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே உடம்பில் தேங்கிய நீரை வடித்தார்கள், மாத்திரையை மாற்றினார்கள், வீட்டுக்கு அனுப்பும்போது உடற்பயிற்சி அறைக்கு ஒரு சீட்டும் எழுதிக் கொடுத்தார்கள். அங்கிருந்த, நின்ற இடத்திலேயே மிதிக்கும் சைக்கிளைப் பார்த்ததும் பாஞ்சாலை உதட்டைச் சுழித்தாள். "மூச்சு உடவே முடியல, இதுல சர்க்கஸ் வேறயா?"

பயிற்சி கொடுக்கும் விமலாராணி சிரித்துவிட்டு, வராந்தாவில் ஆறு நிமிடம் நடக்கச் சொன்னாள். நடுவில் இரண்டு முறை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்ததில் நூற்றிருபது மீட்டர்தான் நடக்க முடிந்தது. வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் போய் வந்தாள். மூன்று மாதம் கழித்து, அதே வராந்தாவில் அதே ஆறு நிமிடத்தில் முந்நூறு மீட்டர். வீட்டுக்கு வந்ததும் அந்தப் பாயைச் சுருட்டிக் குப்பையில் போட்டாள்.

போன மாதம், சூளையில் வேலை பார்த்த கோவிந்தசாமிக்கும் அதே நோய். அதே டாக்டர் நடராசன். துணைக்குப் போன பாஞ்சாலை, 'முழு ஓய்வு' என்று கேட்டதும் மேஜையருகே போய் நின்றாள்.

"நடக்கப் பழக்குற எடத்துக்கு இவர அனுப்புங்க சார். சீட்டு எழுதிக் குடுங்க."

"நடக்கறதுக்கு எதுக்கும்மா சீட்டு?"

"படுக்கறதுக்கு எழுதுறீங்களே சார்."

பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். டாக்டர் நிமிர்ந்தார். "நீங்க யாரு?"

"எட்டு மாசம் உங்ககிட்டதான் காட்டுனேன். நீங்க படுக்கப் போட்டீங்க. இப்ப டெய்லி ரெண்டு கிலோமீட்டரு நடக்கறேன்."

டாக்டர் அவள் கால்களைப் பார்த்தார். வீக்கம் இல்லை. பிறகு கோவிந்தசாமியின் பெயரைக் கேட்டு, புதுச்சேரிக்குச் சீட்டு எழுதினார்.

வெளியே வந்ததும் கோவிந்தசாமி படியிலேயே நின்றுவிட்டார். "பயமா இருக்குது பாஞ்சால. நடக்கும்போது நெஞ்சு நின்னுடுச்சுன்னா?"

பாஞ்சாலை அவரைத் திட்டவில்லை. குனிந்து, அவர் படியோரம் கழற்றிவிட்டிருந்த செருப்பு இரண்டையும் தெருவைப் பார்த்துத் திருப்பி வைத்தாள்.